பெரட்டில் பதில் சொல்லாத அட்டை

லினக்ஸ் கணினியில் நெட்வேர்க் கார்ட் தெரியவில்லை என்ற முறைப்பாட்டுக்கு வயது முப்பதுக்கு மேல். சொல் அப்படியே இருக்க, அதன் பொருள் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. 1993இல் அப்படிச் சொன்னவர், கணினிக்குள் அட்டை எந்த முகவரியில் இருக்கிறது என்று தெரியாமல் தவித்தார். 1999இல் சொன்னவருக்கு முகவரி ஒரு சிக்கலாக இருக்கவில்லை. அட்டையை இயக்கும் மென்பொருளான ட்ரைவரைத் தேடினார். 2005இல் ட்ரைவர் கிடைத்தது, அட்டைக்குள் ஏற்றவேண்டிய நிலைபொருள் கிடைக்கவில்லை. 2013க்குப் பின் எல்லாம் இருந்தும் அட்டை வேறொரு பெயரில் வந்து நின்றது. இன்று இந்தக் கோளாறைத் தேடுவோர் கைக்கொள்ளும் ஒழுங்கு, இந்த நான்கு காலங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து உருவானது.

மலையகத் தோட்டங்களில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பெரட்டுக் களத்தில் பெயர் வாசிக்கும்போது பதில் வராததற்குப் பல காரணங்கள் உண்டு. ஆள் லயம் என்ற வரிசை வீட்டைவிட்டே கிளம்பாமல் இருக்கலாம். களத்துக்கு வந்திருந்தும் செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் பெயர் ஏறாமல் இருக்கலாம். பெயர் ஏறியிருந்தும் கையில் கூடை இல்லாமல் மலைக்குப் போக முடியாமல் நிற்கலாம். அல்லது, வேறு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். கணினி தொடங்கும்போது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் நடத்துவதும் இப்படி ஒரு பெரட்டுத்தான். பொருத்தப்பட்டுள்ள சாதனங்களை ஒவ்வொன்றாக விசாரித்து, பதில் தந்தவற்றுக்கு வேலை கொடுக்கிறது. பதில் வராத அட்டை ‘தெரியாத’ அட்டையாகிறது.

முகவரி தேடிய காலம்

லினஸ் டோர்வல்ட்ஸ் 1991 செப்டெம்பரில் ஹெல்சிங்கியிலிருந்து வெளியிட்ட முதல் கெர்னலில் வலையமைப்பு வசதி இருக்கவில்லை. அடுத்த ஆண்டு ரொஸ் பைரோ அதற்கான முதல் நிரல்களை எழுதினார். அவற்றுடன் வந்த ஈதர்நெட் ட்ரைவர், வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் டபிள்யூ.டி.8003 என்ற ஒரே வகை அட்டைக்கு உரியது. ஃபிரெட் வான் கெம்பெனும் அவருக்குப் பின் அலன் கொக்ஸும் அப்பகுதியைத் திருத்தி வளர்த்தனர். 1994 மார்ச்சில் 1.0 பதிப்பு வந்தபோது வலையமைப்பு அதில் ஒரு முழுமையான பகுதியாகிவிட்டிருந்தது.

அட்டைகளுக்கான ட்ரைவர்களில் பெரும்பகுதியை எழுதியவர் டொனால்ட் பெக்கர். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் கொடார்ட் மையத்தில், 1994இல் தோமஸ் ஸ்டேர்லிங்குடன் சேர்ந்து பதினாறு சாதாரணக் கணினிகளை ஈதர்நெட்டால் இணைத்து ‘பேவுல்ஃப்’ என்ற மலிவான மீக்கணினியை அமைத்தவரும் அவரே. அதற்கு முன்னரே அவர் எழுதிய என்.ஈ.2000 ட்ரைவரின் தலைப்பில் 1993 என்ற ஆண்டும், உரிமையாளராக அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகவரகத்தின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு அது வெளிவந்தது.

என்.ஈ.2000 என்பது நொவெல் நிறுவனம் 1980களின் இறுதியில் கொண்டுவந்த மலிவான அட்டை வடிவம். அதன் உயிர் நஷனல் செமிகண்டக்டரின் 8390 வகைச் சிப். தாய்வான் தொழிற்சாலைகள் அதைப் படியெடுத்து வெவ்வேறு பெயர்களில் உலகெங்கும் விற்றன. பெட்டியில் எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே இருந்தது பெரும்பாலும் இதுவே.

இந்த அட்டைகள் ‘ஐசா’ என்ற பழைய செருகுவாயில் பொருத்தப்பட்டன. அந்த வாயில் இருக்கும் அட்டைக்குத் தன்னை இன்னார் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. அட்டையின் மேல் இருக்கும் சின்னஞ்சிறு ஜம்பர்களை இடம் மாற்றி வைத்து, அதன் முகவரியையும், கணினியின் கவனத்தை அது கோரப் பயன்படுத்தும் குறுக்கீட்டு எண்ணையும் மனிதரே தீர்மானிக்க வேண்டும். பிறகு கெர்னல் 300, 280, 320, 340 என வழக்கமான முகவரிகளைப் பதினாறடிமான எண்களில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். தட்டிய கதவுக்குப் பின்னால் நெட்வேர்க் கார்டுக்குப் பதிலாகச் சவுண்ட் கார்டோ சீடி ட்ரைவின் கட்டுப்பாட்டு அட்டையோ இருந்துவிட்டால், அந்தத் தட்டலே அதைக் குழப்பி முழுக் கணினியையும் உறைய வைத்துவிடும். ஆகவே குறிப்பிட்ட முகவரிகளைத் தொடாதே என்று தொடக்கத்திலேயே சொல்லும் ‘ரிசேர்வ்’ கட்டளையும், இந்த முகவரியில் இந்த எண்ணோடு அட்டை இருக்கிறது என்று நேரடியாகச் சொல்லும் ‘ஈதர்’ கட்டளையும் சேர்க்கப்பட்டன. ஆபத்தைக் குறைக்க, முதல் அட்டை கிடைத்ததும் கெர்னல் தேடலை நிறுத்திக்கொண்டது. இரண்டாவது அட்டையைப் பொருத்தியவர் அதைத் தேடும்படி தனியாகக் கட்டளையிடாவிட்டால், நல்ல நிலையில் உள்ள அட்டையும் ‘தெரியாது’.

குறுக்கீட்டு எண்ணில் மோதல் வந்தால் கோளாறு இன்னும் நூதனமாகத் தோன்றும். 3 என்ற எண் இரண்டாவது தொடர் போர்ட்டுக்கும், 5 பெரும்பாலும் சவுண்ட் கார்டுக்கும் போய்விடும். அதே எண்ணில் வைக்கப்பட்ட நெட்வேர்க் கார்ட் தொடக்கத்தில் தெரியும், ஆனால் ஒரு பொதிகூட வந்துசேராது. ஜம்பர் இல்லாமல் வந்த புதிய அட்டைகளில் இந்த எண்களை மாற்றும் மென்பொருள் டொஸ் முறைமையில் மட்டுமே ஓடியது. லினக்ஸுக்கு முழுதாக மாறியவரும் அந்த ஒரு வேலைக்காக டொஸ் ஃப்ளொப்பி ஒன்றைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். போல் கோர்ட்மேக்கர் தொகுத்துப் பராமரித்த ‘ஈதர்நெட் ஹவ்டூ’ என்ற கையேடு, எந்த அட்டைக்கு எந்த ட்ரைவர், எந்த அட்டையை வாங்கவே கூடாது என்பதையெல்லாம் வரிசையாகச் சொன்னது.

அட்டை தன் பெயரைச் சொன்னபோது

இந்தத் தலைவலிக்கு முடிவு வன்பொருள் பக்கத்திலிருந்து வந்தது. இன்டெல் 1992இல் முன்வைத்த பி.சி.ஐ. முறையில் ஒவ்வொரு அட்டைக்குள்ளும் இரண்டு எண்கள் பொறிக்கப்படுகின்றன. ஒன்று தயாரிப்பாளருக்கு, மற்றது அட்டை வகைக்கு. ரியல்டெக் நிறுவனத்தின் எண் 10ஈசி. அதன் பெயர்பெற்ற அட்டையின் எண் 8139. இவ்வெண்களைக் கெர்னல் படித்தறிய எந்த முகவரியையும் கண்மூடித்தனமாகத் தட்டத் தேவையில்லை. முகவரியையும் குறுக்கீட்டு எண்ணையும் கணினியே ஒதுக்கிக்கொடுக்கும். பழைய ஐசா வாயிலில் பொருத்தும் அட்டைகளுக்கும் 1993இல் இதுபோன்ற ஒரு தன்னறிமுக முறை வகுக்கப்பட்டது. லினக்ஸில் அதைக் கையாள முதலில் தனி மென்பொருள் தேவைப்பட்டது, 2001இன் 2.4 பதிப்பில்தான் அது கெர்னலுக்குள் சேர்ந்தது.

செக் நாட்டவரான மார்ட்டின் மாரேஷ் எழுதிய எல்.எஸ்.பி.சி.ஐ. கட்டளை, கணினியிலுள்ள பி.சி.ஐ. சாதனங்கள் அனைத்தையும் பட்டியலாகக் காட்டியது. எண்களுக்கு உரிய பெயர்களைத் திரட்டிய பொதுப் பட்டியலும் அதனோடு வளர்ந்தது. இங்கே ஒரு மயக்கம் இன்றுவரை தொடர்கிறது. பட்டியலில் அட்டைக்கு நேரே ‘அறியப்படாத சாதனம்’ என்று வந்தால் அட்டை பழுது என்றோ லினக்ஸ் அதை ஆதரிக்காது என்றோ பலர் முடிவு கட்டுகின்றனர். அந்த வரி சொல்வது, கணினியிலுள்ள பெயர்ப் பட்டியல் பழையது என்பதை மட்டுமே. எண் தெரிந்தால் அட்டை களத்துக்கு வந்துவிட்டது என்று பொருள்.

களத்துக்கு வந்த அட்டைக்கு அடுத்துத் தேவை செக்ரோலில் ஒரு வரி, அதாவது அதன் எண்ணை ஏற்கும் ஒரு ட்ரைவர். 1990களின் நடுப்பகுதியிலிருந்து ட்ரைவர்கள் கெர்னலோடு ஒட்டாமல் தேவைப்படும்போது ஏற்றும் தனித் துண்டுகளாகின. ஈத்0 என்ற முதல் இடைமுகத்துக்கு எந்தத் துண்டை ஏற்றுவது என்பதைப் பயனரே ஒரு கோப்பில் எழுதி வைத்தார். ரியல்டெக் 8139 அட்டை மலிவின் காரணமாக எங்கும் பரவியிருந்தது. 2.2 பதிப்பில் அதற்குப் பெக்கரின் ட்ரைவர் இருந்தது; 2.4 பதிப்பில் அதன் இடத்தை ஜெஃப் கார்ஸிக் திருத்திய, வேறு பெயர் கொண்ட ட்ரைவர் பிடித்தது. கெர்னலை மேம்படுத்தியவர்களின் கோப்பில் பழைய பெயரே இருந்ததால், நேற்றுவரை ஓடிய அட்டை இன்று காணாமற்போனது.

இந்தக் கையெழுத்து வேலையும் பின்னர் குறைந்தது. ட்ரைவர்களே தாம் ஏற்கும் எண்களின் அட்டவணையைச் சுமக்கத் தொடங்கின. 2003 டிசம்பரில் வந்த 2.6 பதிப்போடு ‘யூடெவ்’ என்ற துணைநிரல் பரவியது. புதிய சாதனம் ஒன்று தலைகாட்டியதும் அதன் எண்ணைப் பார்த்து உரிய ட்ரைவரைத் தானாகவே ஏற்றும் வழக்கம் நிலைத்தது.

தீவுக்கும் மலைக்கும் வந்த இணைப்பு

லினக்ஸ் இப்படி வளர்ந்த 1990களில்தான் இலங்கை இணையத்துக்குள் வந்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அபய இந்துருவவின் முன்முயற்சியில் ‘லேர்ன்’ என்ற கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு உருவாகி, 1990இல் மின்னஞ்சல் சேவையைத் தொடங்கியது. வெளிநாடுகளில் இருந்த இலங்கையர் அமைத்த ‘லக்நெட்’ அதற்குக் கைகொடுத்தது. 1995இல் வணிக இணையச் சேவை தொடங்கியது. மலைநாட்டில் இந்த வலையின் முதல் கண்ணி பேராதனைப் பல்கலைக்கழகம். அதைக் கடந்து மேலே தேயிலை நாட்டுக்குள் போன இணைப்பு, தோட்ட அலுவலகம், துரை பங்களா, நகரத்துக் கடை எனத் தொலைபேசிக் கம்பி போன இடங்களோடு நின்றது. லயங்களுக்குக் கம்பி போகவில்லை.

திறந்த மூல மென்பொருளுக்குத் தீவில் அடித்தளமிட்டவர்கள் லங்கா லினக்ஸ் பயனர் குழுவினரும், சஞ்சீவ வீரவரண 2003இல் நிறுவிய லங்கா மென்பொருள் அறக்கட்டளையும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் சில வாரங்களுக்குள் தொண்டர்கள் எழுதிய ‘சஹானா’ என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருள் அந்த அடித்தளத்தில் எழுந்தது. 2006ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகநல விருதும் அதற்குக் கிடைத்தது. அதன் பின் சில ஆண்டுகளில், சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழி வசதியோடு இலங்கையரால் தொகுக்கப்பட்ட லினக்ஸ் பதிப்புக்குப் பேராதனையை ஒட்டிய ‘ஹந்தான’ மலைத்தொடரின் பெயர் இடப்பட்டது. அரசின் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவரகம், உலக வங்கி உதவியுடன் ‘நெனசல’ என்ற பெயரில் கிராமியக் கணினி நிலையங்களைத் திறந்ததும் இந்தக் காலமே.

ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தின் ஓரமாகப் போகும் பாதை நல்லதண்ணியில் முடிகிறது. அதற்கப்பால் சிவனொளிபாத மலையின் படிகள். டிசம்பர் போயா முதல் மே மாத வெசாக் வரையான சீசனில் யாத்திரிகர்களால் நிறையும் இந்த ஊரைச் சுற்றி மற்ற மாதங்களில் தேயிலையும் மழையுமே. இத்தகைய இடங்களில் வீட்டு இணைப்பைக் கொண்டுவந்தது கம்பி அல்ல, காற்று. 2005இலிருந்து பரவிய சி.டி.எம்.ஏ. கம்பியில்லாத் தொலைபேசிகள் முதலில் வந்தன. அவற்றைக் கேபிளால் கணினியோடு இணைத்தால் நொடிக்கு ஏறத்தாழ 153 கிலோபிட் என்ற உச்ச வேகத்தில் இணையம் வரும். லினக்ஸ் அத்தொலைபேசியை ஒரு தொடர் போர்ட்டாகவே கண்டது. #777 என்ற எண்ணை அழைத்து இணைப்புக் கிடைத்த பின்னரே பி.பி.பி.0 என்ற இடைமுகம் பிறக்கும். ஈத்0ஐத் தேடிப் பார்த்துவிட்டு நெட்வேர்க் கார்ட் தெரியவில்லை என்று கைவிட்டவர்கள், இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

கூடையில்லாமல் வந்த ஆள்

2000களின் தொடக்கத்தில் மடிக்கணினியும் வைஃபையும் பரவியபோது கோளாறு அடுத்த படிக்கு ஏறியது. 2003 மார்ச்சில் இன்டெல் சென்ட்ரினோ மடிக்கணினிகளை அறிமுகப்படுத்தியது. அவற்றின் வைஃபை அட்டைக்கு லினக்ஸ் ட்ரைவரை இன்டெல் அடுத்த ஆண்டிலேயே வெளியிட்டது. ஆனால் அட்டைக்குள் ஒரு குட்டிக் கணினி இருந்தது. அதற்கென நிலைபொருள் என்ற தனி நிரல் தேவைப்பட்டது. செலவைக் குறைக்க, அந்த நிரலை அட்டையில் நிரந்தரமாகப் பதிக்காமல், ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் வெளியிலிருந்து ஏற்றும்படி தயாரிப்பாளர்கள் வடிவமைத்தனர். அந்தக் கோப்பின் மூலநிரல் வெளியிடப்படவில்லை. பகிர்வதற்கும் தனி உரிமம் இருந்தது. ஆகவே பல லினக்ஸ் பதிப்புகள் அதைத் தம் இறுவட்டில் சேர்க்கவில்லை. அட்டை வந்திருந்தது, செக்ரோலில் பெயரும் இருந்தது, கூடை மட்டும் இல்லை.

புரோட்கொம் நிறுவனம் ட்ரைவரையே தரவில்லை. 2003இல் தோன்றிய ‘என்டிஸ்ராப்பர்’, விண்டோஸுக்காக எழுதப்பட்ட ட்ரைவரை லினக்ஸுக்குள் அப்படியே ஓடவைத்தது. மறுபுறம் ஒரு குழு அந்த அட்டையின் நடத்தையைக் கவனித்துத் தாமாக ஆவணம் எழுதியது. அதைப் பார்த்து இன்னொரு குழு 2005 இறுதியில் புதிய ட்ரைவரை வெளியிட்டது. அது 2006இன் 2.6.17 பதிப்பில் சேர்ந்தது. நிலைபொருளை மட்டும் பயனர் தமது விண்டோஸ் ட்ரைவர் கோப்பிலிருந்து ஒரு கருவியால் வெட்டியெடுக்க வேண்டியிருந்தது. புரோட்கொம் தன் திறந்த ட்ரைவரை வெளியிட்டது 2010 செப்டெம்பரில்.

பிற்காலத்தில் நிலைபொருள் கோப்புகள் ஒரே பொதுக் களஞ்சியத்தில் திரட்டப்பட்டன. கொள்கைப்பிடிப்புக்குப் பெயர்பெற்ற டெபியன் என்ற லினக்ஸ் பதிப்புத் திட்டம் அவற்றை அதிகாரபூர்வ நிறுவல் வட்டிலிருந்து நெடுங்காலம் விலக்கி வைத்தது. 2022இல் அதன் உறுப்பினர்கள் வாக்களித்து நிலைப்பாட்டை மாற்றினர். 2023 ஜூனில் வந்த டெபியன் 12இலிருந்து நிலைபொருள் வட்டுக்குள்ளேயே வருகிறது.

சீடியாக வேஷமிட்ட டொங்கிள்

2006இல் இலங்கையில் 3ஜி சேவை தொடங்கியபின், கம்பி எட்டாத இடங்களில் யூ.எஸ்.பி. டொங்கிளே நெட்வேர்க் கார்டாயிற்று. ஹுவாவே முதலிய சீன நிறுவனங்களின் டொங்கிள்களைச் செருகினால் லினக்ஸ் மோடமைக் காணாது. ஒரு சீடியைக் காணும். விண்டோஸ் பயனருக்குத் தனி இறுவட்டு கொடுக்கும் செலவை மிச்சப்படுத்த, டொங்கிள் முதலில் தன்னை ஒரு சீடி ட்ரைவாக அறிவித்துக்கொள்ளும். அதிலுள்ள மென்பொருள் நிறுவப்பட்டதும் ஒரு சைகை பெற்று மோடமாக மாறும். லினக்ஸில் அந்தச் சைகையை அனுப்ப யாரும் இல்லாததால் அது சீடியாகவே இருந்துவிடும். யோசுவா டீட்சே எழுதிய ‘யூ.எஸ்.பி. மோட்ஸ்விட்ச்’, ஒவ்வொரு டொங்கிளுக்கும் உரிய சைகையைப் பட்டியலிட்டு அனுப்பியது. சீடியை ‘வெளியேற்று’ என்று கட்டளையிட்டாலே சில டொங்கிள்கள் மோடமாக மாறின.

2010இல் வந்த ஆண்ட்ராய்ட் 2.2 பதிப்பு, கைபேசியைக் கேபிளால் இணைத்து இணையத்தைப் பகிரும் வசதியைத் தந்தது. அதற்கான ட்ரைவர் லினக்ஸ் கெர்னலுக்குள் ஏற்கெனவே இருந்ததால், கைபேசி உடனே ஒரு நெட்வேர்க் இடைமுகமாகத் தெரிந்தது. ட்ரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையம் வர ட்ரைவர் வேண்டும் என்ற பழைய முடிச்சை அவிழ்த்தது இதுவே. அதற்கு முன், மலையில் ஒரு கோப்புக் குறைந்தால் பென்ட்ரைவோடு நகரத்துக்குப் பஸ் ஏற வேண்டியிருந்தது.

பெயர் மாறிய அட்டை

அட்டைகளுக்குக் கெர்னல் கண்டுபிடித்த வரிசையில் ஈத்0, ஈத்1 என்று பெயரிட்டது. இரண்டு அட்டைகள் இருந்தால் இந்த வரிசை ஒவ்வொரு தொடக்கத்திலும் மாறக்கூடும். அதைத் தடுக்க, ஒவ்வோர் அட்டையின் வன்பொருள் முகவரியையும் அதன் பெயரையும் யூடெவ் ஒரு கோப்பில் எழுதி வைத்தது. இதனால் புதுக் குழப்பம் பிறந்தது. பழுதான அட்டையைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினால், ஈத்0 என்ற பெயர் செத்த அட்டைக்கே ஒதுக்கப்பட்டிருக்க, புதியது ஈத்1 ஆகிவிடும். அமைப்புக் கோப்புகளோ ஈத்0ஐயே தேடும். ஒரு கணினியின் ஹார்ட் டிஸ்க்கைப் படியெடுத்து வேறு கணினிகளில் போட்ட ஆய்வுகூடங்களில் எல்லாக் கணினிகளும் ஒரே நாளில் இப்படித் ‘தொலைந்தன’.

2013 ஜனவரியில், லினக்ஸின் தொடக்கத்தை நடத்தும் சிஸ்டம்டி மென்பொருளின் 197ஆம் பதிப்பு, அட்டை பொருத்தப்பட்ட இடத்தை வைத்தே பெயரிடும் முறையைக் கொண்டுவந்தது. ஈ.என்.பி.3.எஸ்.0 என்றால் மூன்றாம் பஸ்ஸில் பூச்சியமாம் இடத்திலுள்ள ஈதர்நெட் அட்டை. அட்டையை மாற்றினாலும் இடம் மாறாதவரை பெயர் மாறாது. ஆனால் இருபது ஆண்டுகள் ஈத்0 என்று எழுதிப் பழகிய கைகளுக்கும் பழைய கையேடுகளுக்கும் இந்த அட்டை கண்ணில் படவில்லை.

அட்டையே கெட்டபோது

மென்பொருளைப் பார்த்துக்கொண்டே இருப்பவர் வன்பொருளை மறந்துவிடக் கூடாது என்பதற்கு இரண்டு உதாரணங்கள். 2008 செப்டெம்பரில், கெர்னல் 2.6.27இன் சோதனைப் பதிப்புகளை ஓட்டியவர்களின் இன்டெல் அட்டைகள் சில நிரந்தரமாகச் செயலிழந்தன. அட்டையின் அடையாளம் பதிந்த நினைவகத்தில் குப்பை எழுதப்பட்டிருந்தது. முதலில் சந்தேகிக்கப்பட்டது இன்டெலின் ட்ரைவர். ஒக்டோபரில் உண்மைக் காரணம் பிடிபட்டது: கெர்னலின் ஓட்டத்தைக் கண்காணிக்கும் ‘எஃப்டிரேஸ்’ வசதி, முன்பு கெர்னல் நிரல் இருந்து பின்னர் அட்டைக்கு ஒதுக்கப்பட்ட நினைவிடத்தில், பழைய நிரலே இன்னும் இருக்கிறது என்று எண்ணி எழுதியிருந்தது. அதன்பின் அட்டையின் நினைவகத்துக்கு எழுத்துப் பூட்டுப் போடப்பட்டது.

இரண்டாவது உதாரணம் வானத்திலிருந்து வருவது. பருவப்பெயர்ச்சிகளுக்கு இடைப்பட்ட மார்ச்–ஏப்ரல், ஒக்டோபர்–நவம்பர் மாதங்களில் மலைநாட்டில் பிற்பகல் இடிமின்னல் அதிகம். தொலைபேசிக் கம்பியில் பாயும் மின்னெழுச்சி ரவுட்டரைத் தாண்டி, ஈதர்நெட் கேபிள் வழியே தாய்ப்பலகையிலுள்ள சிப்பைச் சுட்டுவிடும். கணினி வழக்கம்போல ஓடும். நெட்வேர்க் சிப் மட்டும் பட்டியலில் இராது. மழைக்காலத்து ஈரத்தில் செருகுவாயின் தொடுமுனைகள் மங்கினாலும் இதே அறிகுறிதான். அப்போது அட்டையைக் கழற்றித் துடைத்து மீண்டும் செருகினால் போதும்.

தேடும் ஒழுங்கு

இன்றைய பரிசோதனை இந்த வரலாற்றின் வரிசையிலேயே நடக்கிறது. முதல் கேள்வி, ஆள் களத்துக்கு வந்தாரா என்பது. உள்ளட்டைக்கு எல்.எஸ்.பி.சி.ஐ., டொங்கிளுக்கு எல்.எஸ்.யூ.எஸ்.பி. கட்டளை. பட்டியலில் எண் இல்லையென்றால் ட்ரைவர் தேடுவதில் பயனில்லை. கணினியின் தொடக்க அமைப்பான பயோஸில் அட்டை முடக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். அட்டையை மீண்டும் செருகிப் பார்க்க வேண்டும். மின்சாரத்தை முற்றாகத் துண்டித்து, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து, பிறகு தொடங்க வேண்டும். விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்தால், விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதி அட்டையை உறக்க நிலையிலேயே விட்டிருக்கக்கூடும். அதை நிறுத்திப் பார்ப்பதும் இந்தப் படியைச் சேர்ந்தது.

இரண்டாவது கேள்வி செக்ரோல் பற்றியது. எல்.எஸ்.பி.சி.ஐ. கட்டளையோடு ‘கே’ என்ற தெரிவைச் சேர்த்தால், அட்டையை எந்த ட்ரைவர் ஏற்றுள்ளது என்று ஒரு வரி தெரியும். வரி இல்லையென்றால், அட்டை கெர்னலைவிடப் புதியது என்பதே பெரும்பாலும் காரணம். புதிய கெர்னலைப் போடுவது முதல் தீர்வு. தயாரிப்பாளர் தரும் ட்ரைவரைத் தனியாகத் தொகுத்துச் சேர்ப்பது இரண்டாவது. அப்படிச் சேர்த்த ட்ரைவருக்குக் கையொப்பம் இல்லாவிட்டால், ‘செக்யூர் பூட்’ இயங்கும் கணினி அதை ஏற்க மறுத்துவிடும்.

மூன்றாவது கேள்வி கூடை. கெர்னலின் குறிப்பேட்டைக் காட்டும் டிமெசெக் கட்டளையில், நிலைபொருள் ஏற்ற முடியவில்லை என்ற வரியும் கோப்பின் பெயரும் இருக்கும். பிழை எண் மறை 2 என்றால் கோப்பு அங்கு இல்லை. கைபேசியைக் கேபிளால் இணைத்து உரிய நிலைபொருள் பொதியை நிறுவினால் இந்தப் படி முடிகிறது.

நான்காவது கேள்வி பெயர். பழைய இஃப்கொன்ஃபிக் கட்டளை, வேறு தெரிவின்றி, இயங்கும் இடைமுகங்களை மட்டுமே காட்டும். ‘ஐபி லிங்க்’ என்ற கட்டளை அணைந்திருப்பவற்றையும் காட்டும். உண்மைப் பெயர் அதில் கிடைக்கும். வைஃபை என்றால் ‘ஆர்எஃப்கில்’ கட்டளை, அட்டை மென்பொருளால் அடைபட்டதா மடிக்கணினியின் பொத்தானால் அடைபட்டதா என்று பிரித்துச் சொல்லும். டெபியன் வழிவந்த முறைமைகளில், பழைய அமைப்புக் கோப்பில் இடைமுகத்தின் பெயர் எழுதப்பட்டிருந்தால், இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வேர்க் மனேஜர் அதைத் தன் பொறுப்பில் எடுக்காது. திரையின் மூலையில் அட்டை இல்லாததுபோலத் தோன்றும். அந்த வரியை நீக்கியதும் அது திரும்பி வரும்.

இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பின்னும் இணையம் வரவில்லையென்றால், கோளாறு அட்டையில் இல்லை. கேபிள், ரவுட்டர், தொலைபேசிக் கம்பம், கைபேசிக் கோபுரம் என்று கணினிக்கு வெளியே தேட வேண்டியது அதற்குப் பிறகுதான்.